நல்லா மணக்குது

என் மூக்குக்கு ஒரு காலத்தில் பெயர் இருந்தது. சுவிஸில் நான் இருபத்துநான்கு வருடம் வேலை செய்த ரெஸ்டோரண்டில் என்னை 'நாஸே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெர்மன் மொழியில் மூக்கு என்று அர்த்தம். காலையில் மீன் பெட்டி வந்தால் தலைமைச் சமையற்காரர் தான் குனிய மாட்டார், என்னைக் கூப்பிடுவார். நான் மூச்சை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினால் பெட்டி உள்ளே வரும். ஆட்டாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். கோப்பை கழுவ வந்த அகதி ஒருவன் அடுப்படி வரைக்கும் முன்னேறியது கையால் அல்ல, மூக்கால். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அந்த ரெஸ்டோரண்டை மூடிய பிறகு விடுமுறை வீடுகளுக்குப் போய்ச் சமைக்கத் தொடங்கினேன். ஏரிக்கரையிலோ மலையிலோ ஒரு வாரத்துக்கு வீடெடுத்துத் தங்குகிறவர்கள், ஒரு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் சமையற்காரரை அழைப்பார்கள். நான் சாமான்களோடு போய், அவர்களுடைய குசினியில் சமைத்து, பரிமாறி, துடைத்துவிட்டு வருவேன். சுவிஸ்காரருக்கு எங்கள் யாழ்ப்பாணச் சாப்பாடு வேண்டும், எங்களவருக்குச் சிலநேரம் அவர்களுடைய சாப்பாடு வேண்டும். எனக்கு இரண்டும் வரும்.

மாசியில் கொரோனா வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போனது. போகிறபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் வெறும் தடிமன், சளி மூக்கடைப்பு என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அட்லிஸ்வில் கோயிலில் ஐயர் கற்பூரத் தட்டை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. டாக்டர் நான்கு சின்னப் போத்தல்கள் தந்து, தினமும் இரண்டு தரம் மணந்து பழகச் சொன்னார். எலுமிச்சை, ரோஜா, கராம்பு, யூக்கலிப்டஸ். "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்" என்றார். நான் அவற்றைக் காருக்குள் ஒளித்துவைத்தேன். கராம்பு என்று எழுதியிருந்ததால் கராம்பு என்று நம்பினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. மூக்கில்லாத சமையற்காரன் என்றால் நாங்கள் இருக்கும் வில் நகரத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை நாள் வைத்துச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு ஓய்கிறபோது என் வேலையும் ஓய்ந்திருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் நிற்பது? உப்பு, புளி, உறைப்பு மூன்றும் நாக்கில் தெரிந்தன. மிச்சத்தைக் கண்ணையும் காதையும் வைத்துச் சமாளித்தேன். வெங்காயத்தின் நிறத்தைப் பார்த்தேன், கடுகு வெடிப்பதைக் கேட்டேன், ஒவ்வொரு சட்டிக்கும் கைபேசியில் மணி வைத்தேன். வீட்டில் மனைவி ஆக்கியதைச் சாப்பிட்டுவிட்டு வழமைபோல "நல்லாயிருக்கு" என்றேன். மேல்மாடிக்காரிக்கு எங்கள் கறி வாசம் ஆகாது. முன்பெல்லாம் நான்தான் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பேன். இப்போது மனைவி திறந்தால்தான், ஏதோ தாளிக்கிறாள் என்று விளங்கும்.

ஆடியில் ஜெனீவாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பனுக்கு இங்கே பிறந்த பிள்ளை. சென்னைப் பையனைக் கட்டியிருந்தாள். மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள், மாமனாருக்கு இதய ஒப்பரேஷன் முடிந்து இப்போதுதான் தேறியிருக்கிறார், வாலன்சே ஏரிக்கு மேலே ஒரு வாரத்துக்கு வீடெடுத்திருக்கிறோம் என்றாள். அவர்களுக்கு ஒரு நாள் எங்கள் சாப்பாடு போட வேண்டுமாம். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் குழம்பு. இறால் மட்டும் உறையவைத்ததாக இருக்கக் கூடாது, புதுசாக வேண்டும் என்றாள். உறையவைத்தது என்றால் கெட்டுப்போகுமோ என்ற யோசனையே எனக்கு இருந்திருக்காது. ஆனாலும் ஓம் என்றேன். இல்லையென்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

அன்று நல்ல வெயில். சூரிச்சில் இறாலை வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். சுரங்கப்பாதைக்கு முன்னால் விபத்து. ஒன்றரை மணித்தியாலம் கார் அசையவில்லை. ஏரிக்கு மேலே இருந்த அந்த வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர். இறால் அதில் மிதந்துகொண்டிருந்தது.

வீட்டில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். கணவன் தாய்தகப்பனைப் படகில் கூட்டிக்கொண்டு போயிருந்தான். நான் இறாலைக் கோது கழற்றி, நரம்பெடுத்து, கழுவி, மஞ்சளும் தூளும் உப்பும் பிரட்டி வைத்தேன். கண்ணுக்குப் பிழையாக ஒன்றும் தெரியவில்லை. கழற்றிய தலைகள் கொஞ்சம் கறுத்திருந்தன. நல்ல இறாலும் சிலவேளை அப்படி இருக்கும். கோப்பைக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தேன். இருபத்துநான்கு வருடம் தீர்ப்புச் சொன்ன மூக்கு. காற்றுப் போனது, காற்று வந்தது. ஒப்பரேஷன் செய்துகொண்ட ஒரு மனிதர் இதைச் சாப்பிடப் போகிறார்.

கூச்சத்தை விட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, ஒருக்கா இஞ்சை வாங்கோ. எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. இந்த இறால் மணக்குதோ எண்டு பாருங்கோ."

அவள் கையில் தட்டுகளோடு வந்து குனிந்தாள்.

"ஆமா அங்கிள், நல்லா மணக்குது," என்று சொல்லிவிட்டு மேசை அடுக்கப் போய்விட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இறாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் மீனோ இறாலோ மணக்குது என்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். நல்லா மணக்குது என்றால் கிட்டப் போகவே கூடாது. மஞ்சளையும் தூளையும் மீறி மணக்கிறதென்றால் எவ்வளவு பழுதாகியிருக்கும்! இரண்டு பைகளில் போட்டுக் கட்டி, வீதியோரத்துக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி ஏறி வரும்போது மனம் லேசாகக்கூட இருந்தது. ஒரு ஆபத்திலிருந்து தப்பினோம் என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் கழித்து அவள் குசினிக்கு வந்தாள்.

"அங்கிள், இறால் எங்க?"

"எறிஞ்சிட்டன், பிள்ளை. நீங்கள்தானே மணக்குது எண்டியள்."

"ஆமா. வாசமா இருந்துச்சே! ஏன் எறிஞ்சீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் வீட்டில் பேசுவது புருஷனுடைய தமிழ். அவர்கள் ஊரில் மல்லிகைப்பூ மணக்கும், நெய் மணக்கும், நல்ல சாப்பாடு மணக்கும். சமையற்காரர் தன் கைப்பக்குவத்துக்குப் பாராட்டுக் கேட்கிறார் என்று நினைத்து, அவள் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். நல்ல இறாலைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருக்கிறேன். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் வயிறு நோகச் சிரித்திருப்போம்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

"அங்கிள், தடிமன்னு சொன்னீங்கதானே? அப்ப நீங்க வந்திருக்கக் கூடாது. மாமாவுக்கு இப்பதான் ஒப்பரேஷன் நடந்தது. டெஸ்ட் செஞ்சு பார்த்தீங்களா?"

அவள் கேட்டது நியாயம். தடிமன் என்று சொன்னால் வெளியே போக வேண்டும். தடிமன் இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ வந்த கோபத்தில் அடுப்பை அணைத்தேன். அவள் மேல் எனக்கென்ன கோபம்?

"எனக்குத் தடிமன் இல்லைப் பிள்ளை. எனக்கு மணம் தெரியாது. ஐஞ்சு மாதமா ஒண்டும் தெரியாது."

இப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் குசினி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் எடுத்துத் தந்தாள்.

"வீட்டுல அன்ரிக்குத் தெரியுமா?"

"இல்லை."

"ஐஞ்சு மாசமாவா?"

அவள் என்னைப் போகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மேசை வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இறாலுக்குப் பதிலாக முட்டையை அவித்துக் குழம்பு வைத்தோம். வெந்தயம் பொரியும்போது அவள் குனிந்து பார்த்து, இப்போது சரி, இப்போது கொஞ்சம் கூடிவிட்டது என்று சொன்னாள். நான் அடுப்பைக் கூட்டிக் குறைத்தேன். அன்று நல்ல சாப்பாடுதான். மாமனார் இடியப்பத்தை இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டு, "வாசனையே பசியைக் கிளப்புதுங்க," என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். இன்னொருவர் சம்பாதித்த பாராட்டை வாங்கிப் பையில் போட்டதுபோல உடம்பு கூசியது.

அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லால் வந்த நட்டம் இறாலோடு போய்விட்டது. இறால் உண்மையாகவே கெட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? "மணக்கல அங்கிள்" என்றிருப்பாள். கெடவில்லை என்றே எடுத்துக்கொண்டிருப்பேன், எனக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. சந்தோஷமாகத் தாளித்து, தேங்காய்ப்பால் விட்டு, கொண்டுவந்து அந்த மனிதருடைய தட்டில் போட்டிருப்பேன். அவர் கைகூப்பிவிட்டுச் சாப்பிட்டிருப்பார்.

வேலையை விட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன். பெரிய மனது என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்குப் பயம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைத் தேநீர் குடித்த கையோடு, அடுத்தடுத்த வாரங்களுக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டுக்காரருக்கும் தொலைபேசி எடுத்து, வர முடியாது, மன்னிக்க வேண்டும் என்றேன். மனைவி குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது அழைப்பு முடிவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"என்னத்துக்கு வேண்டாமெண்டு சொல்லுறியள்? என்ன நடந்தது?"

சொன்னேன். ஆடியிலிருந்து பின்னால் போய் மாசி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். காருக்குள் இருந்த போத்தல்களையும் சொன்னேன். வேலைக்கு என்ன செய்வது என்று கேட்பாள், அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதற்குள் போகவேயில்லை.

"அப்ப நான் ஆக்கினதுகள்? ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டது?"

"உப்பு, புளி, உறைப்பெல்லாம் தெரியும்."

"அது ஆர் ஆக்கினாலும் இருக்கும்," என்றாள்.

மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள், விரித்தாள், திரும்பவும் மடித்தாள். முப்பத்திரண்டு வருடம் கூடவே இருக்கிறவள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று பொதுவாக எனக்கு முன்னமே தெரிந்துவிடும். அன்றைக்குத் தெரியவில்லை.

"அப்ப, என்ரை மணமும் தெரியாதோ?" என்று கேட்டாள்.

வேலையை நினைத்து, ஊர்ச் சிரிப்பை நினைத்து, அந்த மாமனாரின் தட்டில் விழாத இறாலை நினைத்து எவ்வளவோ பயந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. பொய் சொல்லியிருக்கலாம், ஐந்து மாதம் சொல்லிப் பழகியவன்தானே.

"இல்லையப்பா," என்றேன். "தெரியேல்லை."