ஒரு நாளைக்கு ஐந்து கல்கல்

ஆனி படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்குவாள். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாக லேப் அசிஸ்டென்ட். வேதியியல் லேப் முதல் மாடியில் இருக்கிறது. சாயங்காலம் மணி அடித்ததும் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, மேல்படியைப் பார்த்துத் திரும்பி நின்று, கிணற்றுக்குள் இறங்குகிற ஆள் மாதிரி ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்குவாள். பெண்பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி வழி விடுவார்கள். ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். அதுதான் ஆனிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. முதலில் வலது முட்டியை மாற்றுவதற்கு அரசு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து இரண்டு வருடம் ஆகிறது. அங்கே டாக்டர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"எண்பது கிலோவுக்குக் கீழ வாங்கம்மா. ஜனவரி அஞ்சாந்தேதி நானே வெயிட் பாப்பேன். அன்னிக்கு இல்லேன்னா உங்க இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். மறுபடி வரிசையில கடைசி."

போன வருடமும் இதையேதான் சொன்னார். போன வருடம் டிசம்பர் ஒன்றாம் தேதி எழுபத்தொன்பதரை இருந்தவள், கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி ஐந்தாம் தேதி போய் ஏறி நின்றபோது எண்பத்திரண்டரை. டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே யோசிக்க ஆரம்பித்தாள் ஆனி. கண்ணீரெல்லாம் விடவில்லை. லேபில் ஒரு பிசகு நடந்தால் எந்தக் குப்பியில், எந்த நிமிடத்தில் என்று பின்னோக்கிப் போய்த் தேடுவாளே, அதே மாதிரி தேடினாள். பிரியாணி காரணம் இல்லை. அது இரண்டே நாள். கேக்கும் இல்லை. காரணம் அந்த டின். சாப்பாட்டு அலமாரியில் கண்மட்டத்தில் இருந்த இரண்டு கிலோ கல்கல் டின். அடுப்படிக்குப் போகும்போது நான்கு, வரும்போது மூன்று, போன் பேசிக்கொண்டே ஒரு பிடி. நின்றபடி தின்றதில் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை. ருசித்த ஞாபகமும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தின்றதற்காவது ஒரு சுகம் மிஞ்சியிருக்க வேண்டாமா?

அந்த டின்னுக்குச் சொந்தக்காரி சோஃபியா. ஆனியின் கணவன் ஞானதாஸின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஓய்வுபெற்ற தையல் டீச்சர். சாந்தோமில் கடற்கரைப் பக்கம் இறங்கும் சந்தில் இருக்கும் அந்தப் பழைய வீட்டின் முன்பாதி அவளுக்கு, பின்பாதி இவர்களுக்கு. நடுவில் ஒரு கதவு. அது கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும்தான் திறக்கும் என்று ஞானதாஸ் சொல்வான். ஒவ்வொரு டிசம்பரும் சோஃபியா மூன்று நாள் உட்கார்ந்து கல்கல் செய்வாள். மைதாவைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு மாவைச் சீப்பின் பற்கள் மேல் வைத்து அழுத்தி, வரி வரியாகப் பதிந்ததும் சுருட்டி எடுத்து, பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவாள். சீப்பு அவள் அம்மாவுடையது. மாட்டுக்கொம்புச் சீப்பு, நடுவில் ஒரு பல் போய்விட்டது. வீட்டைப் பிரித்தபோது அதை மட்டும் யாரும் கேட்பதற்கு முன்பே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவள் அவள்.

இந்த வருடம் டிசம்பர் பதினாலாம் தேதி நடுக்கதவு திறந்தது. டின் வந்தது.

"இந்தா. போன வருசம் மாதிரி தின்னுட்டு என் மேல பழி போடாத" என்றாள் சோஃபியா.

"போட மாட்டேன் அண்ணி. இந்த வருசம் அளவு இருக்கு."

"இன்னா அளவு?"

"நாளைக்கு அஞ்சு."

சோஃபியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பலகாரத்துக்கு அளவா? ரேஷன் கடையா நடத்துற?"

ஆனி ரங்கநாதன் தெருவில் வாங்கிய சின்ன எலக்ட்ரானிக் தராசை எடுத்து மேசையில் வைத்தாள். ஐந்து கல்கல் இருபத்தைந்து கிராம். அதற்கு ஈடாக ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசை குறையும். ஜனவரி நாலாம் தேதி வரை இருபத்திரண்டு நாள், ஆகவே நூற்றுப்பத்து. எண்ணி எடுத்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினாள். தினமும் நாலரை மணிக்கு, பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவி, டிவியை அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் ஐந்தை வைத்துக்கொள்வாள். ஒவ்வொன்றையும் இரண்டாகக் கடிப்பாள். முதலில் சர்க்கரை ஓடு நொறுங்கும். பிறகு வரிகளின் மேடு பள்ளம் நாக்கில் தட்டும். கடைசியில்தான் தேங்காய்ப்பால் வாசனை எழும்பி மூக்குக்கு வரும். முப்பது வருடமாகத் தின்ற பலகாரத்தில் தேங்காய்ப்பால் இருக்கிறது என்று அவளுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. சோஃபியா பொல்லாதவள், ஆனால் கை நல்ல கை. அதை அவளிடம் போய்ச் சொல்லும் எண்ணம் ஆனிக்கு இல்லை.

மிச்சம் கிட்டத்தட்ட முந்நூறு கல்கல். அது வீட்டில் இருக்கக்கூடாது. பதினேழாம் தேதி சாயங்காலம் பங்குக் கோயிலிலிருந்து கிறிஸ்துமஸ் பஜனைக் குழு கிட்டாரும் டிரம்முமாக வந்து பாடியது. பாட்டு முடிந்ததும் ஆனி டின்னை அப்படியே அவர்களுடைய பையில் கவிழ்த்தாள். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கிராமை எண்ணினாள், நாளை எண்ணினாள். பையில் விழுந்த ஒவ்வொரு கல்கல்லின் முதுகிலும் என்ன பதிந்திருக்கிறது என்பதை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

இருபதாம் தேதி அன்பியக் கூட்டம். சந்தில் இருக்கும் பதினெட்டுக் குடும்பங்களும் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம்; டிசம்பரில் ஜெபம் கொஞ்சம், பலகாரம் நிறைய. இந்த முறை தலைவர் ஃபிரெட்ரிக் வீட்டு மொட்டைமாடி. வீட்டுக்கு ஒரு தட்டு கொண்டு வந்து மேசையில் வைத்திருந்தார்கள். பஜனைக் குழு வீடு வீடாகச் சேர்த்ததும் ஒரு பெரிய தாம்பாளத்தில் குவிந்திருந்தது.

ஆனி மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்த நேரம், சோஃபியா அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கல்கல்லை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அடுத்ததையும்.

"ஃபிரெட்ரிக், இது யார் வூட்டுது?"

"பசங்க வாங்கியாந்தது அக்கா. எல்லா வீட்டுதும் கலந்து கீது. எல்லாம் ஒண்ணுதானே?"

"எல்லாம் ஒண்ணா? உன் பொண்டாட்டி ஃபோர்க்குல உருட்டுவா, நாலே வரி. அந்த மூலை வூட்ல பிளாஸ்டிக் சீப்பு, வரி கிட்ட கிட்ட. இதப் பாரு. நடுவுல மொழுக்குனு ஒரு பட்டை. இந்தச் சந்துல பல்லு போன சீப்பு எத்தினி பேர்ட்ட கீது, சொல்லு."

எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஆனியைப் பார்த்தார்கள்.

சோஃபியா இரண்டு கையும் கொள்ளுமளவு அள்ளிக்கொண்டு வந்து ஆனியின் மடியில் கொட்டினாள். "மூணு நாள் முதுகு ஒடிய உக்காந்து செஞ்சேன். பிச்சை போட்டுட்டியா? சாப்புடு. எல்லார் எதுக்கவும் சாப்புடு, பாப்போம்."

"இன்னிக்கு அஞ்சு முடிஞ்சிருச்சு அண்ணி."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோஃபியாவின் முகம் சிவந்தது.

"அஞ்சு! கேட்டுக்குங்க. மருந்து மாதிரி எண்ணித் திங்குறா. நான் செஞ்சது இன்னா, விஷமா?"

ஞானதாஸ் "அக்கா, விடுக்கா" என்று எழுந்தான். "நீ உக்காருடா" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் உட்கார்ந்தான்.

ஆனி மடியில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "போன வருசம் உங்க டின்னுதான் என் ஆபரேஷனைத் தின்னுச்சு. இந்த வருசமும் அதுக்குத் தீனி போட என்னால முடியாது."

சோஃபியா தாம்பாளத்தைத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போனாள். மறுநாள் காலை நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நேராக அலமாரியைத் திறந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள்.

"தராசுல வெச்சுத் திங்குறவளுக்கு என் பலகாரம் இல்ல" என்றாள். கதவின் தாழ்ப்பாள் அந்தப் பக்கம் விழுந்தது.

அன்று காலை எடை எண்பது புள்ளி ஒன்று. பாட்டில் போனதும் நல்லதுதான் என்று ஆனி தனக்குச் சொல்லிக்கொண்டாள். அங்கேதான் கணக்கு பிசகியது. நாலரை மணி வந்தால் கை தட்டைத் தேடியது. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. முன்பாதியிலிருந்து நெய் வாசனை, ஏலக்காய் வாசனை, வேண்டுமென்றே திறந்து வைத்த ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று சோஃபியா மட்டன் பிரியாணியைத் தம்பிக்கு மட்டும் ஒரு டிபன் பாக்ஸில் கொடுத்தனுப்பினாள். ஆனி ரசமும் அவரைக்காயும் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு, ஞானதாஸ் தூங்கிய பிறகு, பள்ளியில் கொடுத்திருந்த பிளம் கேக்கை எடுத்தாள். நின்றபடியே. பெட்டியில் அடி அட்டை தெரிந்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

இருபத்தாறாம் தேதி: எண்பத்தொன்று புள்ளி இரண்டு.

அவள் முதலில் சோஃபியாவைத் திட்டினாள். வாய்விட்டு, கதவைப் பார்த்து. பிறகு அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு மைதா டப்பாவை இறக்கினாள். ஒன்றுமே கிடையாது என்று இருந்த ஐந்து நாள்தான் அவளைக் கவிழ்த்தது. ஐந்து உண்டு என்று இருந்த நாட்களில் தோசையைக் குறைக்கக்கூடக் கஷ்டமாக இல்லையே. சரியாக ஐம்பது கல்கல்லுக்கு மட்டும் மாவு பிசைந்தாள். ஃபோர்க்கில் உருட்டினாள். பாதி பிரிந்தது, மீதி பல்லைப் பதம் பார்த்தது. சோஃபியாவின் கல்கல்லுக்குப் பக்கத்தில் வைக்க லாயக்கில்லை. ஆனாலும் நாலரை மணிக்கு உட்கார்ந்து ஐந்து சாப்பிட்டாள். புத்தாண்டுக்கு எதிர்வீட்டில் கூப்பிட்டபோது போனாள். முதலில் ஒரு தட்டு வெள்ளரிக்காயும் தயிர் வெங்காயமும், அப்புறம் ஒரே கரண்டி பிரியாணி, இரண்டு துண்டு கறி, மெதுவாகச் சாப்பிட்டு எல்லோருக்கும் கடைசியாக எழுந்தாள். வீட்டுத் தராசு ஆஸ்பத்திரித் தராசைவிட இருநூறு கிராம் குறைத்துக் காட்டும் என்பதை நவம்பரிலேயே சரிபார்த்து வைத்திருந்தாள். ஆகவே வீட்டில் எழுபத்தொன்பது புள்ளி எட்டுக்குக் கீழே வர வேண்டும்.

ஜனவரி ஐந்தாம் தேதி டாக்டர் குனிந்து பார்த்தார். எழுபத்தொன்பது புள்ளி ஆறு.

"பண்டிகையெல்லாம் சாப்பிடலையாம்மா?"

"தினமும் சாப்பிட்டேன் சார்" என்றாள் ஆனி.

ஆபரேஷன் தேதி ஜனவரி ஒன்பது என்று எழுதினார்கள். எழுதிக் கொடுத்த நர்ஸ் கடைசியில் ஒன்று சொன்னாள்: பெண்கள் வார்டு, துணைக்குப் பெண் ஆள்தான் இருக்கலாம், ஆள் இல்லையென்றால் அட்மிஷன் இல்லை. ஆனிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஒரே மகன் ஆஸ்டின் துபாயில், கல்யாணம் ஆகாதவன். ஒரு வருடம் வாயைக் கட்டி வாங்கிய தேதி, தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

ஆனியே போய்த் தட்டினாள். ஞானதாஸை அனுப்பவில்லை.

"எதுக்கு வந்த?"

"ஆஸ்பத்திரில கூட இருக்கப் பொம்பள ஆள் வேணும்."

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"குடுத்தது தப்பு. உங்ககிட்டயே திருப்பித் தந்திருக்கணும். அஞ்சு எண்ணினது தப்பில்ல."

சோஃபியா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "திமிரு மட்டும் ஒரு கிலோ கூட கொறையல" என்றாள். "வரேன். உனக்காக இல்ல. வரலேன்னா இந்தச் சந்து என்னத்தான் பேசும்."

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணி. ஆனி பச்சை கவுன் போட்டுக் கட்டிலில் கிடந்தாள். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. பக்கத்து ஸ்டூலில் சோஃபியா. பையிலிருந்து டின்னை எடுத்து மடியில் வைத்தாள், மூடியைத் திறந்தாள், ஒரு கல்கல்லை எடுத்து, ஆனி பார்க்கும்படி, கடித்தாள். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். இன்னொன்று. சர்க்கரைத் தூளை மடியிலிருந்து தட்டிவிட்டாள்.

"அண்ணி, வேணும்னேதானே பண்றீங்க."

"பின்ன? பசிக்கிது. நான் இன்னா ஆபரேஷனா பண்ணிக்கப் போறேன்?"

மூன்றாவது, நான்காவது. தேங்காய்ப்பால் வாசனை கட்டிலுக்கு வந்தது. ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம் வராந்தாவில் கேட்டது.

"நான் வெளிய வந்ததும் எனக்கு அஞ்சு வேணும். எடுத்து வைங்க" என்றாள் ஆனி.

"கேக்குறதப் பாரு." சோஃபியா டின்னுக்குள் கையை விட்டாள். கைக்குட்டையை விரித்து ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முடிச்சுப் போட்டாள். டின்னை மூடினாள்.

"நாலுதான் வெப்பேன்" என்றாள். "ஒண்ணு அன்பியத்துக்குப் போச்சுன்னு நெனச்சுக்கோ."