கிழக்குச் சுவரில் ஒரு வாசல்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சிலமலையிலிருந்து வெறுங்காலோடு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமந்தவன் நான். இன்று மலையில் ஐந்து ஏக்கர் தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், இரண்டு ஜீப்பு, போடியில் மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஏலக்காயைத் தரம் பிரிக்க ஒரு நீள அறை. கொத்தனார் பக்கத்திலேயே நின்று கட்டினேன். வெயில் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்பதால் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. என் காய்க்குப் போடியில் தனிப் பேர் உண்டு. அதற்கு அந்த அறைதான் காரணம்.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் நோயும் அங்கேதான் தொடங்கியது.

என் மனைவி பேச்சியம்மாள் முப்பது வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து காய் பிரித்தாள். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயா, ஏழா என்று விரல் பட்டதும் சொல்லிவிடுவாள். சல்லடையே தேவையில்லை. அவளுடைய ஐம்பத்தாறாவது வயதில், அவள் பிரித்த குவியலில் வெடித்த காயும் முதல் தரமும் கலந்து கிடந்ததைப் பார்த்தேன். வேலைக்கு வரும் பெண்கள் மூன்று மாதமாக எனக்குத் தெரியாமல் அதை மறுபடி பிரித்து வைத்திருக்கிறார்கள்.

"அக்காவ வையாதீங்கண்ணே. கை பழையபடிதான் ஓடுது. நெனப்புதான் நிக்க மாட்டேங்குது" என்றாள் அவர்களில் ஒருத்தி.

நான் வைதேன். அதை மறைக்கவில்லை.

பிறகு குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது. இடுப்பு வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போனவள், எங்கள் வீட்டுச் சந்து எது என்று தெரியாமல் முனையிலேயே நின்று அழுதிருக்கிறாள். மகள் செல்வி எங்கள் இருவரையும் தேனிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி (எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய சத்து, வெயில் படும்போது தோலில் உண்டாவது) மிகவும் குறைந்திருந்தது. மெனோபாஸ் (மாதவிலக்கு நின்றுபோன பருவம்) வந்த பெண்களுக்கு எலும்பு பலம் குறையும், இந்தச் சத்தும் இல்லையென்றால் வலி கூடும் என்றார். மறதிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். தைராய்டு, பி12, தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்தார்.

"வெயில்ல போறதே இல்லையாம்மா?" என்று பேச்சியைக் கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"முப்பது வருசமா ஒரு பொட்டு வெயில் படாம வச்சிருக்கேன் டாக்டர். எங்காத்தா மாதிரி இவ காட்டுல காயக் கூடாதுன்னு."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

வாரம் ஒரு மாத்திரை என்றார். தினம் ஒன்று கொடுத்தால் வெரசாகக் குணமாகுமே என்று கேட்டேன். "இது உரமில்லைங்கய்யா. கூடப் போட்டா கிட்னி கெட்டுரும்" என்றார். படிக்கிறவர்களும் இதை மனதில் வையுங்கள்.

அடுத்த வாரமே கொத்தனாரை வரவழைத்து, அந்த அறையின் கிழக்குச் சுவரை இடித்து வாசல் வைத்தேன். வெளியே ஒரு பெஞ்சு போட்டேன். பேச்சி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"காய் வெளுத்துப் போகுமேங்க."

"வெளுத்தா வெளுக்கட்டும்."

"இந்த வார்த்தைய அறை கட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல" என்று சிரித்தாள்.

மூன்று மாதத்தில் இடுப்பு வலி குறைந்து படியேறினாள். மறதி அப்படிச் சீக்கிரம் விலகவில்லை. ஆறாம் மாதம் ஒரு காலையில், பெஞ்சில் உட்கார்ந்தபடி என் கையிலிருந்த காயை வாங்கி, பார்க்காமலே "ஏழு" என்றாள். எழுந்துபோய்ச் சல்லடையில் போட்டேன். ஏழுதான். சிலருடைய பேர் இன்னும் அவள் நினைவிலிருந்து நழுவுகிறது. இந்தக் குணத்தில் மாத்திரையால் வந்தது எது, வெயிலால் வந்தது எது என்று டாக்டரம்மாவாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது எங்களுக்குக் கடிகாரம் அந்த வாசல்படிதான். அதில் வெயில் விழுந்ததும் ஆளுக்கொரு டீயோடு போய் உட்காருகிறோம். வெளிறிக் கிடந்த அவள் கை முழங்கை வரை கருத்து வருகிறது. அதைத் தினமும் பார்க்கிறேன். இத்தனை வருடம் அவள் பிரித்த காயைத்தான் பார்த்திருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டரம்மா காப்பாற்றினார் என்கிறார்கள். சரிதான். ஆனால் அவரிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அந்த ஃபைலில் நான் சொன்ன வாக்கியம் இருக்கிறது. அதை அடிக்க வேண்டாம், அது என்னுடையதுதான். அதற்குக் கீழே, கிழக்கு வாசலை வைத்ததும் இந்த ஆள்தான் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும்.