வாய் முந்திக்கொண்ட பதில்

கொரோனாவில் பள்ளிக்கூடங்களை மூடியபோது என் மகள் நான்காம் வகுப்பு. திறந்த பிறகும் நான் அவளை அனுப்பவில்லை. அப்போது அவளுக்கு மூச்சு இழுப்பு இருந்தது. இழுப்பு நின்ற பிறகும் எனக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஆண்டவர் என்னை நம்பிக் கொடுத்த பிள்ளை, நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். சாப்பாட்டு மேசை எங்களுக்கு வகுப்பறை ஆனது.

மங்கலம்பேட்டையிலிருந்து பெரிய நாத்தனார் வரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். "புள்ளய வூட்லயே வெச்சி ஊறுகாயா போடப் போற?" சிரித்து மழுப்புவேன். அவர் பஸ் ஏறியதும் பாத்திரங்கள் என்னிடம் அடி வாங்கும்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வாங்கும் சமயத்தில் மகளே கேட்டாள்.

"அம்மா, நான் ஸ்கூலுக்குப் போறேனே."

"இங்க என்ன கொறச்சல்?"

"ஒண்ணும் கொறச்சல் இல்லம்மா. பக்கத்துல உக்கார ஒருத்தி வேணும்."

பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த திரைச்சீலையை மறுபடி துவைத்தேன். 'உம் சித்தப்படி ஆகட்டும்' என்று ஜெபித்துவிட்டு, அந்தச் சித்தம் என்னவாக இருக்க வேண்டும் என்பதையும் ஆண்டவருக்கு நானே விளக்கினேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் நாங்கள் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்வோம். ஒருவர் சொல்லி முடிக்க, மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். அன்று முதலில் கணவர், செராமிக் கம்பெனியில் சூளை போடுகிறவர், மறுநாள் சூளைக்காக வேண்டினார். அடுத்து மகள். என் நினைப்பெல்லாம் அடுப்பில் இருந்த குழம்பில். அவள் குரல் நின்றதும் என் வாய் பழக்கத்தில் "கேட்டருளும்" என்று முடித்துவிட்டது. கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி வேண்டுன?"

"என்னை ஸ்கூலுக்கு அனுப்ப அம்மாவுக்கு மனசு குடுங்கன்னு."

"நான் கவனிக்கல. அது செல்லாது."

"ஆண்டவரு கவனிச்சிருப்பாரும்மா," என்றார் கணவர்.

கோபம் வந்தது. இரண்டு பேர் மேலும், ஒளிக்காமல் சொன்னால் ஆண்டவர் மேலும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் எழாமல் முழங்காலில் இருந்தேன். சொன்ன மன்றாட்டைத் திரும்ப வாங்க எனக்கு ஒரு ஜெபமும் தெரியவில்லை. அவள் போய்விட்டால் அந்த மேசையில் நான் யார் என்று பயமாக இருந்தது. தினமும் காலையில் பிள்ளையை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்லி வந்தவள் நான். கொடுத்ததாகச் சொன்னேனே தவிர, பிடியை விட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து, சீருடைக்குத் துணி எடுக்கலாம் வா என்று மகளைக் கூப்பிட்டேன்.

ஜூனில் அவள் போன முதல் நாள், மேசையைத் துடைத்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி துடைத்தேன். நம்பிக்கை வந்தால் மனம் அடங்கும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை. சாயங்காலம் ரிப்பன் அவிழ்ந்து வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பற்றியே பேசினாள்.

ஜெபத்தில் என் முறை வந்தது. "ஆண்டவரே, என் மகள..." என்று தொடங்கினேன். மேலே என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றாள் மகள்.