அண்ணி மடித்த பொட்டலங்கள்

என் அண்ணி அஞ்சலாட்சி இறந்து இன்றோடு பதினோரு நாள். அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை இனி மறைக்க வேண்டியதில்லை.

1955 ஐப்பசியில் கட்டுமரம் ஏறிப்போன என் அண்ணன் சாமிக்கண்ணு புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சென்னையில் பௌதிகம் படித்து முடித்து வந்திருந்த நான், காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, மரம் காரைக்கால் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்றேன். போய்த் தேடினேன். ஒன்றுமில்லை. அம்மா சோற்றைத் தொடவில்லை. உன் கணக்கு போதும், அம்மனிடம் பூக் கேட்கலாம் என்றாள்.

எங்கள் வம்பாகீரப்பாளையத்தில் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உயிரோடு இருக்கிறான். சிவப்பு வந்தால் கருமாதி செய்து, அண்ணியின் தாலியை வாங்கிவிடுவார்கள்.

பொட்டலம் மடித்தது அண்ணி. எடுத்தது அம்மா. வெள்ளை வந்தது.

அம்மா முன்னால் நடக்க, நான் மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

அண்ணி அதைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"அம்மனையே ஏமாத்திட்டியே அண்ணி."

"அம்மனுக்குத் தெரியும். அத்தைக்குத்தான் தெரியக் கூடாது."

"அப்ப அண்ணன்?"

"மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு தம்பி. ஒலையில அரிசி போடறப்ப கை தானா ஒரு ஆளுக்குக் கொறச்சிடுச்சி. திரும்ப அள்ளப் போனேன். கை வரல."

என் கணக்கில் அண்ணன் இன்னமும் காரைக்காலுக்கு மிதந்துகொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் அம்மா கஞ்சி குடித்தாள். அதன்பின் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். காற்று திரும்பும்போதெல்லாம், இந்தக் காற்றில் வந்துவிடுவான் என்பாள். அண்ணி 'ம்' கொட்டுவாள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கூடையோடு மார்க்கெட்டுக்குப் போவாள். பக்கத்தில் மீன் விற்ற அமிர்தவல்லி, "ஒம் புருஷன் சிலோன்ல இருந்து சீல அனுப்பறானா?" என்று சீண்டினால், "ஒனக்கும் ஒன்னு எடுத்தாரச் சொல்றேன்" என்று கத்தியைத் தீட்டுவாள்.

போன வருஷம் தையில் அம்மா போனாள். பதினாறாம் நாள் காரியத்தில், அண்ணனுக்கும் சேர்த்துச் செய்யச் சொன்னாள் அண்ணி. தாலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள். பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்து, அத்தனை வருஷம் அழாததை அழுதாள். தேற்ற வந்த பெண்களை நான் தடுத்து நிறுத்தினேன்.