மாமா கட்டிய முகப்பு

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், நான் ஒன்பது வயதில் வாயைத் திறந்து ஒரு வீட்டின் முகப்பையே உடைக்க வைத்த கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். கல்யாண வீட்டிலும் சொல்வார்கள், பதினாறாம் நாள் அடியந்திரத்திலும் சொல்வார்கள். "அறியாப் பிள்ளை, மனசுல பட்டத அப்படியே சொல்லிட்டு" என்று முடித்துவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எத்தனை வருஷமாக இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. கதையில் மற்றதெல்லாம் சரிதான். அறியாப் பிள்ளை என்பது மட்டும் பொய்.

எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம் அது. அப்பாவுக்கு சுசீந்திரத்தில் அரிசி மண்டி. வியாபாரம் கொஞ்சம் தூக்கிவிட்டதும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்ட ஆரம்பித்தார். சிமென்ட் பெர்மிட்டுக்கு நடையாய் நடந்து, சுவர் எழுப்பி, தளமும் போட்டாகிவிட்டது. முகப்பு மட்டும் பாக்கி. இரண்டு பக்கமும் சிங்கம், நடுவில் தாமரையில் லட்சுமி என்று அப்பா கொத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தார். ரோட்டோரம் அப்போது எழும்பிய வீடுகளில் பாதிக்கு அந்தச் சிங்கங்கள்தான் காவல். அம்மாதான் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அதைத் தன் தம்பியிடம் விட்டுப் பாருங்களேன் என்று கேட்டாள்.

அம்மா அப்பாவிடம் தனக்கென்று கேட்ட ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். மாமா கொழும்பில் ஒரு கட்டடக் காண்ட்ராக்டரிடம் படம் வரைகிற வேலை பார்த்தவர். அந்த ஆள் தொழிலை மூடிவிட்டுப் போனதும் ஒரு டிரங்குப் பெட்டியும் காகிதச் சுருள்களுமாக எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். ஒரு வருஷமாக வேலை கிடைக்கவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கணவர் இறந்தபின் எங்களோடு இருந்தாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். மாமா இலையில் உட்காரும் போதெல்லாம், "ஏட்டி, கொழும்புத் தொரைக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு. படம் வரஞ்சு களைச்சிருப்பான்" என்பாள். அம்மா நிமிராமல் பரிமாறுவாள். என் படிப்பின்மேலும் அத்தைக்கு ஒரு கண் இருந்தது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும், நிறுத்து என்று அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தாள்.

இந்த முகப்பில் இன்னொன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவோடு பழக்கமுள்ள குழித்துறை மிளகு வியாபாரி ஒருவர் சினிமா கொட்டகை கட்டப்போவதாக இருந்தார். புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு வருவார், முகப்பைப் பார்ப்பார், பிடித்திருந்தால் கொட்டகை முகப்பு மாமாவுக்கு என்று அப்பாவே பேசி வைத்திருந்தார். மாமாவுக்கு அதுதான் பிழைப்பு. அம்மாவுக்கு அது மானம்.

மாமாவோடு தெருவில் நடப்பது பெரிய பாடு. எல்லாரும் பஸ்ஸில் ஏறினால் அவர் பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டிருப்பார். "மக்கா, இதுக்க மூஞ்சியப் பாத்தியா? சும்மா நிக்கும்போதும் ஓடுக மாதிரி இருக்கு, கேட்டியா?" பிஸ்கட் டின்னின் மூடியை, கிராமபோன் தட்டின் உறையை, அம்மாவின் சேலைக்கரையை, எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்வார். கோயிலுக்குக் கூட்டிப்போனால் சாமியைக் கும்பிட மறந்து தூணைத் தட்டிக்கொண்டு நிற்பார். அத்தை இதையெல்லாம் கிறுக்கு என்றாள். எனக்கு உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரர் மாமாதான்.

ஒரு சனிக்கிழமை, குழித்துறையில் சிமென்ட் பார்க்கப் போகிறேன், பிள்ளையும் வரட்டும் என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனார். பஸ்ஸில் பொழுது போகாமல் தூக்குவாளி மூடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். மார்கழித் திருவிழாவில் கேட்ட தவில். தகிட, தகதிமி. மாமா சட்டென்று திரும்பினார்.

"என்னது அது? இன்னொருக்க அடி."

அடித்தேன். அவர் நோட்டை எடுத்து மூன்று புள்ளி வைத்தார். கொஞ்சம் இடம் விட்டு நாலு புள்ளி. மறுபடியும் மூன்று, மறுபடியும் நாலு. "இத நம்ம மாடிக் கைப்பிடிச் சுவர்ல ஓட்டையா வச்சா எப்படி இருக்கும்? பாக்கவனுக்கு காதுல கேக்கும் பாரு" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் ஒரு பகுதி என்னுடையது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

குழித்துறையில் சிமென்ட் கடை பூட்டிக் கிடந்தது. மாமா என்னை இன்னொரு பஸ்ஸில் ஏற்றி, பிறகு நடக்கவிட்டு, இனயம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கொழும்பில் அவரோடு வேலை பார்த்த ஒரு சிநேகிதரின் வீடு அங்கே இருந்தது. போகிற வழியில் தெருமுனையில் ஒரு குருசடி. வேதக்காரர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுகிற சின்னக் கட்டடம், சிலுவை வைத்தது. அதன் முகப்பு இரண்டு பக்கமும் உள்வாங்கி வளைந்து ஏறி, உச்சியில் ஒன்றாகக் கூடி நின்றது. மாமா வெயிலில் அப்படியே நின்றுவிட்டார். இதைக் கட்டிய கொத்தனார் யார் என்று சிநேகிதரின் அப்பாவிடம் கேட்டார். அவர் வலையைப் பார்த்தபடியே, "கொத்தன் ஒருத்தனையும் விளிக்கல்ல மோனே. வள்ளத்துக்க முன்பக்கத்தப் பாத்து நாங்களே வளச்சதாக்கும்" என்றார்.

மாமா கரையில் கிடந்த வள்ளத்தையும் குருசடியையும் மாறி மாறி வரைந்தார். அந்த வீட்டு அம்மா எனக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தந்தாள். எங்கள் வீடு சைவம். பிறத்தியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன். திரும்பும்போது மாமா கையை நீட்டினார். "இனயம் வந்தத வீட்ல சொல்லாண்டாம் மக்கா. சத்தியம் பண்ணு." நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

முகப்பு எழுந்தது. கொத்தனாரோடு மாமாவும் சாரத்தில் ஏறி நின்று பூசினார். பஸ்ஸின் முகத்திலிருந்து நெடுக்குக் கோடுகள், மாடியில் என் தவில், எல்லாவற்றுக்கும் மேலே அந்த வளைவு. வெள்ளையடித்ததும் ரோட்டில் போன வில்வண்டிக்காரர்கள்கூட மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பால்காய்ச்சு அன்று கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கோடித்துணி கொடுத்து மரியாதை செய்த அப்பா, கடைசியில் மாமாவையும் கூப்பிட்டுத் தன் கையாலேயே ஒரு நேரியலைப் போர்த்தினார். அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

மிளகு வியாபாரி ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "எங்கேருந்துவே பிடிச்சேரு இத? கொழும்புலயா, பம்பாய்லயா?"

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. சும்மா மனசுல தோணினதுதான்."

"இந்த ஓட்ட வரிச பலே ஜோரா இருக்கே?"

காலையிலிருந்து நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்து பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். என் பெயர் வரப்போகிறது, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள். மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுவும் அப்படித்தான் அண்ணாச்சி."

தோழிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "பொய்யி!" என்று கத்தினேன். "ஓட்டை நான் அடிச்ச தவில்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் நாலு பேர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அது மாமாவுக்கு வலிக்காது என்று எனக்குத் தெரிந்தது. எது வலிக்கும் என்றும் தெரிந்தது. நான் அத்தை எங்கே நிற்கிறாள் என்று தேடிப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அந்த வளவு இனயத்துல உள்ள குருசடி. அதப் பாத்து அப்படியே வரஞ்சாரு." இதுதான் அறியாப் பிள்ளை சொன்னது.

முதலில் அத்தையின் குரல்தான் கேட்டது. "சவத்தெழவே! எனக்க தம்பி வீட்டுத் தலையில குருசடியா கட்டி வச்சிருக்கான் உனக்க தம்பி?" அம்மா வாசல்நிலையை விட்டு உள்ளே போய்விட்டாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்தார்கள். எதற்கும் அசையாத அப்பா கூட்டத்தின் முன்னால் வியர்த்துப்போய் நின்றார். மிளகு வியாபாரி செருப்பைத் தேடிக்கொண்டே, "நமக்கு கொட்டகைக்கு எல்லா சனமும் வரணும் பாத்துக்கிடும். எதுக்கு வம்பு?" என்றார். இனயத்துக்காரர்கள் அவருடைய சனத்தில் சேர்த்தியா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நாளைக்கே அதைச் செதுக்கி எடு என்று அப்பா மாமாவிடம் சொன்னார்.

அப்போதுதான் அத்தைக்கு வேறொன்று உறைத்தது. என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "உனக்கு எப்படிட்டி தெரியும்? நீயும் போனியா? அங்க எவ வீட்லயாவது கைய நனைச்சியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்தார். "அவ எங்க வந்தா மைனி? இவள கூட்டிட்டுப் போனது குழித்துறைக்கு மட்டும். இனயத்துக்கு நான் வேற ஒரு நாளு ஒத்தைக்குப் போனேன். வந்து கத சொன்னத கேட்டுட்டு நேர்ல பாத்த மாதிரி அளக்கா."

"இல்ல! நானும் போனேன்!" என்று காலை உதைத்தேன்.

"ஆமா, போனா. கப்பல்ல போனா, திமிங்கலத்துல ஏறித் திரும்பி வந்தா" என்று மாமா சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அத்தையும் என் தோளை விட்டாள். தவிலும் இல்லை, இனயமும் இல்லை. என்னை முழுப்பொய்க்காரியாக்கிவிட்டார் மாமா. நான் அழுதுகொண்டே உள்ளே ஓடினேன்.

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டபோது, தானும் சேர்ந்து பூசியதை உடைக்கத் தனக்குக் கை வராது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். மாமாவே உளியும் சுத்தியலுமாகச் சாரத்தில் ஏறினார். வேறு யாராவது கண்டபடி அடித்தால் தளத்தில் கீறல் விழும், மழைக்கு ஒழுகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மத்தியானம்வரை ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்துத் தட்டையாக்கினார். அம்மா அடுக்களையை விட்டு வரவே இல்லை. நான் எதிரே மணல்குவியலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

அந்த வாரத்தில் அத்தை அப்பாவிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "நல்ல காலம், பிள்ள கூடப் போகல்ல. போயிருந்தா பள்ளிக்கூடத்த அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்." அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தேன், தின்று முடித்துவிட்டு விளையாடப் போனேன். லீவு முடிந்ததும் புது நோட்டுகளோடு பள்ளிக்கூடம் போனேன், அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தேன், கடைசியில் டீச்சராகவும் ஆனேன். அத்தை சொன்னதையும் மாமாவின் திமிங்கலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. தவிலைச் சொன்னால் பஸ்ஸைச் சொல்ல வேண்டும், பஸ்ஸைச் சொன்னால் அது போய்ச்சேர்ந்த இடத்தையும், அங்கே நான் தின்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்தபோது மாமா பம்பாயில் இருந்தார். பிறர் வரைந்த படத்தின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பிரதி எடுக்கிற வேலை. கடைசிவரை அதே வேலை. நான் எழுதியிருக்கலாம். நாலு தடவை ஆரம்பித்தேன், என்னவென்று எழுதுவது என்று கூசிக் கிழித்துப் போட்டேன்.

முகப்பை உடைத்த சில நாளிலேயே மாமா பம்பாய்க்குப் புறப்பட்டார். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மக்கா, எங்க இருக்கே? நான் போயிட்டு வரட்டா?" என்று கூப்பிட்டார். புறவாசலுக்கு வந்தும் ஒரு தடவை கூப்பிட்டார். நான் விறகு அடுக்குக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது. ஆனாலும் வெளியே வரவில்லை. மாமாவே தேடிக் கண்டுபிடித்து, என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.