நூற்றியொரு தேங்காயும் நட்சத்திரக் கணக்கும்

நான் பொய்க்கணக்கு எழுதி வேலையை இழந்தவன் என்று எங்கள் கரும்புத் தீவின் ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில் இன்றும் நாலு பேர் சொல்கிறார்கள். பச்சைப் பொய். நடந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருந்தது. அது போதாமல் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளியிடம் கணக்குப் போடப் போனேன். அவருக்கு நட்சத்திரப் பைத்தியம். ஒரு நட்சத்திரம் பழைய பட்டியலில் எங்கே இருந்தது, புதிய பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அது ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கலைக் கூட்டலாக்கித் தரும் மடக்கைப் புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார். அவருடைய தகப்பனார் வைத்திருந்தது.

ஒருநாள் என் தாள்களைப் புரட்டியவர் நிமிர்ந்தார். எங்கள் ஊர்க்காரரான ஆலைக் கணக்கரும் அங்கே நின்றிருந்தார்.

“என்ன இது? எந்த விடையைப் பார்த்தாலும் ஒண்ணுல ஆரம்பிக்குது. ஒன்பதெல்லாம் எங்கே போச்சு?” என்று தீவின் கிரியோல் மொழியில் கேட்டார்.

“வந்த விடையைத்தான் எழுதியிருக்கேன், மிஸ்யே.”

“எனக்குத் தெரியாதா உங்களை? கோயிலுக்கு நூறு தேங்காய் கொடுத்தேன். நூத்தியொண்ணு ஆனாத்தான் நல்லதுன்னு இன்னொண்ணுக்கு நின்னீங்க. நட்சத்திரத்துக்கும் அதே சகுனமா? திருட்டு மட்ராஸ்! போ வெளியே!”

தமிழர்களை அவர்கள் மட்ராஸ் என்றுதான் திட்டுவார்கள். கணக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன் மச்சான், நட்சத்திரத்துக்கு மஞ்சளும் பூசிட்டியா?” என்று தமிழில் வேறு கேட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்தது.

நூற்றொன்றில் நாங்கள் சேர்க்கும் ஒன்று கடைசியில் நிற்கும். தலையில் நிற்கும் ஒன்று அவர் கொடுத்த நூறிலேயே இருந்தது. இதுகூடத் தெரியாதவர் என்னைத் திருடன் என்கிறார்!

யோசித்தேன். அந்த மடக்கைப் புத்தகத்தில் ஒன்றில் தொடங்கும் எண்கள் உள்ள முதல் பக்கங்கள் நான் தொடுவதற்கு முன்பே கறுத்துக் கிழிந்திருந்தன. ஒன்பதில் தொடங்கும் எண்கள் உள்ள கடைசிப் பக்கங்கள் புதுசு போல இருந்தன. ஒன்றில் தொடங்கும் எண்களைத்தான் அவர் தகப்பனாரும் அதிகம் தேடியிருக்கிறார். அவர் எந்தக் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார்?

மறுநாள் காலை போய், ஐரோப்பாவில் யாரோ கணக்கிட்டு அச்சடித்திருந்த நட்சத்திர நகர்வுப் பட்டியலை அவர் அலமாரியிலிருந்தே எடுத்து அவர் முன் வைத்தேன்.

“முன்னால இருக்கிற பூஜ்யத்தைத் தள்ளிட்டு, முதல்ல எந்த இலக்கம் வருதுன்னு நீங்களே எண்ணுங்க, மிஸ்யே.”

எண்ணினார். பத்துக்கு மூன்று ஒன்றில் தொடங்கின. ஒன்பது எப்போதாவது வந்தது. என் தாள்களிலும் அதே கதைதான்.

“ஏன் இப்படி?”

“கரும்பு ஓரடியிலிருந்து ரெண்டடி ஆக ரெண்டு மடங்கு வளரணும். ஒன்பதடி பத்தடியாக ஒன்பதுல ஒரு பங்கு வளர்ந்தாப் போதும். சின்னதும் பெருசுமாப் பரந்து கிடக்கிற அளவெல்லாம் ஒண்ணுலதான் அதிகம் தங்கும்.”

பட்டியலை மூடி வைத்தார். பிறகு, “சரி, நாளைக்கு வேலைக்கு வா” என்றார்.

“கணக்கர் முன்னால திருடன்னு சொன்னீங்க. அவர் முன்னாலேயே இல்லைன்னு சொல்லுங்க.”

“வேலை திரும்பக் கிடைச்சது போதாதா?”

“போதாது.”

வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து முதலாளி புதிய கணக்குத் தாள்களைக் கணக்கரிடமே கொடுத்தனுப்பினார்.

“முதலாளி கோபம் ஆறிடுச்சு, மச்சான். வாங்கிக்க.”

“அவர் கோபமா? என் கோபத்தைப் பத்தி யாராவது கேட்டீங்களா?”

தாள்களை அவர் கையிலேயே திணித்துவிட்டுக் கரும்புக்குக் களை எடுக்கப் போனேன்.