ஏழுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

கல்லூரித் தேர்வுப் பிரிவு ஜன்னலில் உட்காருகிறவளுக்கு எதிரே நிற்பவரின் முகத்துக்கு முன்னால் அவருடைய தேர்வுப் புள்ளிதான் தெரியும். தாம்பரம் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், ஓய்வு வயது கடந்தும் அந்த ஜன்னலில் இருக்கிறேன். மின்சார ரயில் போகும்போது பேச்சு நின்றுவிடும். போன பிறகு அதே கேள்வி மறுபடி வரும்: "மேம், ஜிபிஏ எப்படி வந்துச்சு?" வீட்டில் ஒரு பிள்ளையாவது கல்லூரியில் இருந்தால் இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்கும் தெரியும்.

பத்துக்கு அஞ்சரை

குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், மகள் ரஹீமாவின் முதல் செமஸ்டர் தாளோடு வந்தார். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்த பெண். ஆங்கிலத்தில் நடந்த பாடங்களில் தடுமாறி 5.5 எடுத்திருந்தாள். அவள் ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி, துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"வேலைக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இதுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றார். ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் பத்துக்குள் ஒரு புள்ளியாக மாறும், அதன் சராசரிதான் ஜிபிஏ என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில் சொன்னார்: "பத்து மார்க் பரீட்சைக்கா மேடம் எம்பொண்ணு வுடிய வுடிய முழிச்சிக் கெடந்தா?"

தொண்ணூறு

அடுத்த வருடத்துக்குள் ரஹீமா தேறிவிட்டாள். ஒரு பாடத்தில் தொண்ணூறு வாங்கி, அதற்காகவே என் ஜன்னலில் அழுதாள். தொண்ணூற்றொன்று முதல் நூறு வரை பத்துப் புள்ளி. தொண்ணூறு என்றால் ஒன்பதுதான். ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஒரு புள்ளி போயிற்று.

கூட வந்திருந்த திவ்யா, அவளுடைய ரயில் சிநேகிதி, முதல் செமஸ்டரிலேயே 8.5 வாங்கியவள், முதுகில் ஒன்று போட்டாள். "நூறு வாங்குனவன்தான்டி அழணும். தொண்ணூத்தொண்ணுக்குக் குடுக்கிற அதே பத்துதான் அவனுக்கும், ஒம்போது மார்க் வேஸ்ட்டு!"

நாலு கிரெடிட்

இன்னொரு நாள் ஒரு பையன் சண்டைக்கே வந்தான். லேபில் பத்து, கணக்கில் ஐந்து. கூட்டி இரண்டால் வகுத்து ஏழரை என்று வைத்திருந்தான். கிரெடிட் என்பது பாடத்தின் எடை: கணக்குக்கு நாலு, லேபுக்கு ஒன்று. ஆகவே நாலைந்து இருபது, ஒரு பத்து பத்து. மொத்தம் முப்பதை ஐந்து கிரெடிட்டால் வகுத்தால் ஆறு.

எழுதிக் காட்டினதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்போ கணக்கு சார் ஒருத்தர் அடிச்சா நாலு பேர் அடிச்ச மாதிரியா மேம்?"

சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி

எங்கள் செமஸ்டர் தாளில் மொத்தப் புள்ளி இருக்காது. படிப்பு முடிந்துதான் அச்சாகும். அதற்கு முன்னால் வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் வந்துவிடும். அதனால் பிள்ளைகள் எல்லா செமஸ்டரையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, தாங்களே ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். முதல் செமஸ்டருக்குக் கிரெடிட் குறைவு, மற்றவற்றுக்கு அதிகம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இந்த வருடம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று வந்தது. ஏழு இருந்தால்தான் நேர்காணல். ரயிலில் போய்வருகிற தூரம் என்பதால் ரஹீமாவின் அப்பா ஒத்துக்கொண்ட ஒரே கம்பெனி அது. ஆனால் அவள் போட்ட கணக்கில் 6.95, பெயரே கொடுக்கவில்லை. திவ்யாவுக்கு 7.04. பெயர் கொடுத்துவிட்டு, என்னிடம் சான்று வாங்க வந்தாள். ரஹீமா துணைக்கு வந்தாள். இரண்டு மணிக்குப் பட்டியல் மூடுகிறார்கள்.

கிரெடிட்டோடு பெருக்கிப் போட்டேன். எட்டரை எடுத்த அந்த முதல் செமஸ்டரின் எடை குறைந்து, திவ்யாவுக்கு 6.97 வந்தது. இன்னொரு முறை போட்டேன். அதேதான்.

"ரவுண்டு பண்ணக் கூடாதா மேம்?" என்றாள் திவ்யா.

"கம்பெனி ஒத்துக்காதும்மா."

செங்கல்பட்டு வண்டி ஒன்று கடந்துபோனது. பிறகு, "இவளுக்கும் பாருங்க மேம்" என்று ரஹீமாவை முன்னால் இழுத்தாள். வேண்டாம்டி என்று ரஹீமா கையை உதறினாள். போட்டேன். பழைய அஞ்சரையின் எடையும் அதே போலக் குறைந்திருந்தது: 7.02.

சான்றில் ரஹீமாவின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். அவள் வாங்காமல் திவ்யாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். திவ்யா அதைப் பிடுங்கி அவள் கையில் திணித்தாள்.

"பேஜார் பண்ணாம ஓடுடி, ரெண்டு மணி ஆவப்போவுது. நான் ஸ்டேஷன்ல இருக்கேன், உனக்கும் சேத்து சீட் புடிச்சு வைக்கிறேன்."

இத்தனை வருடமாகக் கணக்கைச் சரியாகத்தான் சொல்லிவருகிறேன். அது மிகச் சரியாக வருகிற நாட்களில்தான் ஜன்னலைச் சீக்கிரம் சாத்திவிடத் தோன்றுகிறது.